பத்தடி முற்றம் போதும்... விதை உங்களுடையதா?

ஆடி பிறந்ததும் துணிக்கடைத் தள்ளுபடியோடு இன்னொரு வியாபாரமும் இப்போது சூடுபிடிக்கிறது. 'வீட்டுத் தோட்ட செட்' என்று ஒரு பெட்டி. உள்ளே இருபது பைகள், தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், பளபளப்பான பாக்கெட்டுகளில் பத்து வகை விதை, ஒரு குட்டிக் கரண்டி, கையுறை, தெளிப்பான். ஐயாயிரம் ரூபாய் வரை விலை. ஒரு கட்டுக் கீரை இருபது ரூபாய் என்று வைத்தால், அந்தப் பணத்துக்கு 250 கட்டுக் கீரை வாங்கிவிடலாம். முற்றத்தில் தோட்டம் போட்டு அவ்வளவு கீரையை ஒரே வருஷத்தில் பறித்த குடும்பம் எங்கே இருக்கிறது?

ஆனால் ஆசை நியாயமானது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஓடியபோது, வாசலில் இரண்டு செடி இருந்தால் தேவலையே என்று நினைக்காத வீடு இல்லை. அதே தக்காளியை விலை இல்லாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் காலமும் வருகிறது. இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து கொஞ்சமாவது விலகி நிற்க, ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பத்தடி முற்றம் போதும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஆரம்பிக்கவும் முடியும். செலவு எதிலெல்லாம் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால், மண்ணும் தொட்டியும் ஒரு தடவைச் செலவோடு முடிந்துவிடுகின்றன. பட்டத்துக்குப் பட்டம் திரும்பத் திரும்பக் கையை நீட்ட வைப்பது விதைதான். அதனால் தொட்டி, மண், பந்தல் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, விதையிடம் நிதானமாக வருவோம்.

வெயிலை அளந்துவிட்டு வேலை

கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய் போன்று காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். கீரைக்கும் புதினாவுக்கும் மூன்று, நான்கு மணி நேரம் போதும். காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, பிற்பகல் மூன்று என்று மூன்று வேளை முற்றத்துக்குப் போய், வெயில் விழும் எல்லையைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். மூன்று வேளையும் வெயில் விழும் இடம் காய்க்கு. மற்றது கீரைக்கு.

ஆடியில் போட்ட கோடு மார்கழியில் பொய்த்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தட்சிணாயனத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துகொண்டே போவதால், தெற்குச் சுவரின் நிழல் முற்றத்துக்குள் நீளும். ஆடியில் சுள்ளென்று காய்ந்த இடம் தை பிறக்கும்வரை நிழலில் கிடக்கலாம். தெற்குச் சுவரை ஒட்டிக் கீரையையும், வடக்குச் சுவரை ஒட்டிக் காய்ச்செடிகளையும் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. கொடிகளுக்கும் வடக்கு ஓரமே வசதி. அவற்றின் நிழல் மற்ற செடிகள்மேல் அதிகம் விழாது.

முற்றத்தில் வெயிலே போதவில்லை என்றால், கொடியின் வேரை முற்றத்தில் வைத்துத் தலையை மாடிக்கு அனுப்பலாம். அவரையும் பீர்க்கும் நைலான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிக் கைப்பிடிச் சுவர்வரை ஏறிவிடும். வேருக்கு நிழல், இலைக்கு வெயில் என்பது கொடிகளுக்குப் பிடித்த ஏற்பாடு.

சாக்கும் வாளியும் போதும்

மண்தரை முற்றமாக இருந்தால் கொத்திவிட்டு நேரே விதைத்துவிடலாம். இப்போது பெரும்பாலான முற்றங்கள் சிமென்ட் பூசியோ டைல்ஸ் ஒட்டியோ கிடக்கின்றன. அங்கே செங்கல் பாத்தி கட்டுங்கள். நாலடி நீளம், மூன்றடி அகலத்துக்குச் சுற்றிவர, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வரிசை அடுக்க அறுபது செங்கல்லுக்குள் ஆகும். சிமென்ட் பூச வேண்டாம். ஒன்பது அங்குல ஆழம் கிடைக்கும்; கீரைக்கு அது தாராளம், முள்ளங்கியும் வரும். அடியில் பழைய பிளக்ஸ் பேனர் ஒன்றை விரித்துவிட்டால் டைல்ஸில் கறை படியாது. தண்ணீர் வடிய ஒரு மூலையில் இரண்டு கல்லுக்கு நடுவே விரல் அளவு இடைவெளி விட மறக்காதீர்கள்.

மற்றபடி வீட்டில் கிடப்பதே தொட்டி. இருபது லிட்டர் பெயின்ட் வாளி கத்தரிக்கும் தக்காளிக்கும் கச்சிதம். நன்றாகக் கழுவி, அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் பக்கவாட்டில் நாலைந்து துளை போடுங்கள். கைப்பிடி உடைந்த குடம், மீன் மார்க்கெட்டிலிருந்து வரும் தெர்மகோல் பெட்டி, இருபத்தைந்து கிலோ அரிசிச் சாக்கு எல்லாம் உதவும். சாக்கு வெயிலில் ஒரு வருஷத்துக்குள் நைந்து நூல் நூலாகப் பிரியும். நைவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். கீரைக்கு அரை அடி, காய்ச்செடிக்கு ஓர் அடி, கொடிக்கு ஒன்றேகால் அடி ஆழம் வேண்டும்.

செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. இந்தக் கலவை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நார்க் கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். செலவைக் குறைக்க, தொட்டியின் கீழ்ப் பாதியைக் காய்ந்த சருகால் நிரப்பி மேலே மண்ணைப் போடலாம். சருகு மக்கி மண் இறங்க இறங்க, மேலே எருவைச் சேர்த்துக்கொண்டே வந்தால் போதும். பச்சைச் சாணத்தை மட்டும் நேராகப் போட்டுவிடாதீர்கள். சூட்டில் வேர் கருகும்.

ஒரு பொரியலுக்கு எத்தனை செடி?

சின்ன முற்றத்தில் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வைப்பதுதான் பலரும் செய்வது. மூன்று வெண்டைச் செடி வைத்தால் தினம் இரண்டு காய் கிடைக்கும். நாலு நாள் சேர்ப்பதற்குள் முதல் காய் வதங்கிவிடும். நாலு பேருக்கு ஒரு பொரியல் ஆகப் பத்து வெண்டைச் செடியாவது வேண்டும். கொத்தவரையும் அப்படித்தான். கத்தரி நாலு செடி இருந்தால் வாரம் ஒரு குழம்புக்குக் குறையில்லை. மிளகாய் மூன்று செடி போதும். தக்காளி ஆறு. பீர்க்கங்கொடி இரண்டு. அவரை ஒரே ஒரு கொடி. அது காய்க்க ஆரம்பித்தால் உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து மீதியும் இருக்கும்.

நூறு சதுர அடிக்குச் சமவெளியில் வேண்டாதவை: முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், உருளை, பெரிய வெங்காயம். வெங்காயம் தவிர மற்றதை நீலகிரியும் கொடைக்கானலும் பார்த்துக்கொள்ளட்டும்.

இடம் குறைந்தவர்களுக்குக் கை கொடுப்பது கீரைதான். முளைக்கீரையும் சிறுகீரையும் இருபத்தைந்து நாளில் பறிக்கலாம். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் அறுத்து எடுத்தால் திரும்பத் திரும்பத் தழையும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காமல், பாத்தியை மூன்றாகப் பிரித்துப் பத்து நாள் இடைவெளியில் விதைத்தால் வாரந்தோறும் கீரை இருக்கும். பொடி விதையை மணலோடு கலந்து தூவுங்கள். எறும்பு தூக்கிப் போகாமல் இருக்க, பாத்தியின் ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய்யைப் போட்டு வைப்பது பழைய யுக்தி.

அஞ்சறைப்பெட்டியே முதல் விதைக்கடை

வெந்தயக் கீரைக்கு விதை பாக்கெட் வாங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. சமையலறை டப்பாவில் இருக்கும் வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் மூன்றே வாரத்தில் கீரை. கொத்தமல்லி விதையைச் செருப்புக் காலால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். பச்சை நிறம் மாறாத புது மல்லியாக இருந்தால் நன்றாக முளைக்கும். கடுகு கீரையாகவும் வரும். முளைவிட்ட சின்ன வெங்காயத்தை ஊன்றினால் வெங்காயத் தாள். பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் கொத்திலும், காய்ந்து முளை கண்ட இஞ்சியிலும் ஒரு துண்டு மண்ணுக்குள் போகட்டும்.

விதையே வேண்டாத கூட்டம் ஒன்று இருக்கிறது. சந்தையில் வாங்கிய பொன்னாங்கண்ணிக் கட்டில் இலையை ஆய்ந்துகொண்டு தண்டை ஊன்றுங்கள். புதினாத் தண்டும் கொடிப்பசலைத் தண்டும் அப்படியே. கற்பூரவல்லிக்கு ஒரு கிள்ளு. சர்க்கரைவள்ளிக் கொடியின் நுனியைக் கீரையாகவும் சமைக்கலாம். முருங்கைக்குப் போத்து, ஆனால் முற்றத்தில் அதை ஆளுயரத்துக்கு மேல் போகவிடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கறிவேப்பிலைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதன் விதை சீக்கிரம் உயிர் இழந்துவிடும். கறுத்த பழத்தைப் பறித்த கையோடு தோலை நீக்கி விதைத்துவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் ஆன செலவு, வழக்கமாக வாங்கும் மளிகைக் கணக்கோடு முடிந்துவிட்டது.

ரூபாய்க் கணக்கு

சிறு நகர விலையில் ஒரு தோராயக் கணக்கு. மேலே சொன்ன செங்கல் பாத்தி ஒன்று, பெயின்ட் வாளி பத்து. செம்மண் ஐந்தாறு சாக்கு 300 ரூபாய். மக்கிய எரு ஐந்து சாக்கு 500. ஐந்து கிலோ தென்னைநார்க் கட்டி இரண்டு 400. கயிறு, சவுக்குக் கழி 200. வேப்பம்புண்ணாக்கு, வேப்பெண்ணெய் 150. விதை பத்து வகைக்கு 200 அல்லது 250. மொத்தம் 1,800 ரூபாய்ப் பக்கம் வரும். செங்கல்லும் வாளியும் இரவல் அல்லது பழையது என்ற கணக்கு இது. வட்டாரத்துக்கு வட்டாரம் விலை கூடும், குறையும்.

அடுத்த பட்டத்தில் என்ன ஆகிறது? மண் அப்படியே இருக்கிறது. சமையலறைக் கழிவை மண்பானையிலோ மூடி போட்ட வாளியிலோ சருகு கலந்து மக்கவைத்தால் இரண்டு மாதத்தில் எருவும் தயார். பாக்கி இருப்பது விதை. அதையும் நாமே எடுத்துவிட்டால் இரண்டாம் பட்டத்தின் செலவு நூறு, இருநூறு ரூபாயில் நின்றுவிடும். எடுக்காவிட்டால் மறுபடி பாக்கெட், மறுபடி பணம். முற்றத்துத் தோட்டம் லாபமா நஷ்டமா என்று தீர்மானமாவது இந்த இடத்தில்தான்.

தண்ணீரும் பூச்சியும்

அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் இரண்டையும் ஒரு வாளியில் பிடித்தால் கீரைப் பாத்திக்குப் போதுமானது. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் தண்ணீரில் உப்பு கூடுதல். அதை மட்டுமே தினமும் ஊற்றினால் மண் கெடும், நல்ல தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். காலையில் ஊற்றுவது நல்லது. மண்ணின் மேல் சருகு மூடாக்கு போட்டால் தண்ணீர் பாதி மிச்சம்.

பூச்சிக்கு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் படும்படி வாரம் ஒரு முறை தெளியுங்கள். மாவுப்பூச்சியைப் பார்த்த அன்றே பழைய பல் தேய்ப்பானால் தேய்த்து எடுத்துவிடலாம். கத்தரியின் குருத்து தலை சாய்ந்தால் உள்ளே புழு என்று அர்த்தம். அந்த நுனியை வெட்டி நசுக்கிப் போடுங்கள். பீர்க்கு, பாகல் பிஞ்சைப் பழ ஈ குத்திச் சொத்தையாக்கினால், துளையிட்ட பாட்டிலில் கொஞ்சம் ஊறிய கருவாட்டைப் போட்டுத் தொங்கவிட்டால் ஈ அதற்குள் போய் விழும். வெண்டை இலை வலைபோல மஞ்சளாக ஓடினால் மருந்து தேட வேண்டாம். அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். அந்தச் செடியை அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

லிட்டருக்கு முப்பது மில்லி பஞ்சகவ்யம், இரண்டு நாள் ஊறிய கடலைப்புண்ணாக்குத் தண்ணீரைப் பத்து மடங்கு நீர்த்தது. செடிக்கு ஊட்டம் இவ்வளவே போதும்.

இளஞ்சிவப்பு விதை

இனி விதை. பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொட்டினால் பல விதைகள் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும். பூஞ்சணக் கொல்லி பூசிய அடையாளம் அது. குழந்தைகள் கையில் கொடுத்து விதைக்கச் சொல்லிப் படம் எடுக்கிறோம். உணவுக்கோ தீவனத்துக்கோ பயன்படுத்தக்கூடாது என்று பாக்கெட்டிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை யாரும் படிப்பதில்லை.

அடுத்து 'எஃப்1' என்ற குறி. இரண்டு தாய்ச்செடிகளை இணைத்து எடுத்த முதல் தலைமுறை வீரிய ஒட்டு அது. அந்தச் செடி காய்த்துத் தள்ளும். அதன் விதையை எடுத்துப் போட்டால் ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று காய்க்கும், ஒன்று காய்க்காது. கடைத் தக்காளியைப் பிழிந்து முளைக்க வைத்தவர்களின் ஏமாற்றத்துக்கும் பெரும்பாலும் காரணம் இதுதான். விளைச்சல் கூடுதல், சில நோய்களைத் தாங்கும், சின்ன இடத்துக்கு வீரிய ஒட்டுதான் தோது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நாலு கத்தரிச் செடி வைக்கும் வீட்டுக்கு ஏக்கருக்கு எத்தனை டன் என்ற கணக்கு எதற்கு?

விதை பாக்கெட்டுக்குப் பழகியதில் நாம் இழந்துகொண்டிருப்பது பணத்தைவிடப் பெரிது. கத்தரி என்றால் இன்றைய குழந்தைகளுக்கு ஒரே ஊதா. வரிக் கத்தரி, வெள்ளைக் கத்தரி, பச்சைக் கத்தரி, முள் கத்தரி என்று ஊருக்கு ஊர் ஒரு ருசி இருந்தது. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமைப்பட்டோம். குறியீடு கிடைக்காத, பெயர்கூடச் சரியாகப் பதிவாகாத எத்தனையோ ரகங்கள் ஏதோ ஒரு வீட்டுக் கொல்லையில் கடைசிக் கொடியாக நின்று, அந்த வீட்டுப் பாட்டியோடு போய்விடுகின்றன. சிறகவரை, வாளவரை, மூக்குத்தி அவரை, மிதிபாகல், கும்பச் சுரை... இவற்றில் எத்தனையை உங்கள் ஊர்ச் சந்தையில் இந்த வருஷம் பார்த்தீர்கள்? மூக்குத்தி அவரை பெயருக்குத்தான் அவரை. தாவரக் குடும்பத்தில் அது சர்க்கரைவள்ளிக்குச் சொந்தம். முற்றத்துச் சுவரில் ஏற்றிவிட அதைப் போல் சாதுவான கொடி வேறு இல்லை. ஆனால் எந்த 'செட்'டிலும் அதன் விதை வராது.

மரபணு மாற்றக் கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் நாடு தழுவிய தடை விதிக்கப்பட்டபோது தெருவுக்குத் தெரு விவாதம் நடந்தது. அந்தக் கத்தரி வராமல் நின்றது. வீட்டுக் கத்தரியோ எந்தத் தடையும் இல்லாமலே காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பாக்கெட் வாங்கியே தீர வேண்டும் என்றால், 'ரகம்' என்று கேட்டு வாங்குங்கள். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 தக்காளி போன்றவை ரகங்கள். வீரிய ஒட்டு இல்லை. அவற்றிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைக்கலாம். விளைந்ததிலிருந்து விதை எடுத்துச் சேமிக்கவும், விதைக்கவும், பிறரோடு பரிமாறிக்கொள்ளவும் விவசாயிக்குள்ள உரிமையை 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் ஏற்கிறது. சட்டம் கொடுத்த உரிமையை நாம் எடுத்துப் பயன்படுத்துவதில்லை.

விதைக்கு விடுங்கள்

பறித்தது போக, கடைசியில் முற்றிப் போன காயை விதைக்கு எடுப்பது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்தால் ஓய்ந்துபோன செடியின் நோஞ்சான் காய்தான் அடுத்த தலைமுறைக்குத் தாயாகும். செடி திடமாக இருக்கும்போதே, இரண்டாவது மூன்றாவது பறிப்பில் நல்ல பிஞ்சாகப் பார்த்து, அதன் காம்பில் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். துணி கட்டிய காயை வீட்டில் யாரும் தொடக்கூடாது. பூச்சி விழாத, நோய் காணாத, தித்திப்பாகவோ கசக்காமலோ காய்த்த செடி எது என்று சமைக்கிறவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுப்பது இன்னும் உத்தமம்.

எடுக்கும் முறை காய்க்குக் காய் மாறும். அவரை, கொத்தவரை, வெண்டை செடியிலேயே காய்ந்து நெற்றாகட்டும். வெண்டை நெற்று வெடித்துச் சிதறாமல் நூலால் ஒரு சுற்றுக் கட்டிவையுங்கள். பீர்க்கும் சுரையும் ஆட்டினால் விதை குலுங்கும் சத்தம் கேட்கும்வரை கொடியில் நிற்க வேண்டும். கத்தரி பழுத்து மஞ்சளாகி மெத்தென்று ஆனபிறகு பிசைந்து, தண்ணீரில் அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதைக் கொட்டிவிடலாம். தக்காளியைப் பிழிந்து, அதன் சாற்றோடு ஒன்றிரண்டு நாள் நொதிக்கவிட வேண்டும். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு கரைந்ததும் கழுவி நிழலில் உலர்த்தினால் தீர்ந்தது.

தக்காளி, கொத்தவரை, அவரைக்குத் தன் மகரந்தமே பெரும்பாலும் போதும். பெரிய கலப்புப் பயம் இல்லை. பீர்க்கு, பூசணி போன்ற கொடிகள்தான் கவனம் கேட்பவை. பக்கத்து வீட்டுப் பூவிலிருந்து தேனீ மகரந்தம் கொண்டுவந்தால் ரகம் கலந்துவிடும். நாளை மலரப்போகும் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் முன்கூட்டியே துணியால் மூடி, மலர்ந்ததும் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தொட்டுவைத்து மறுபடி மூடிக் கட்டுங்கள். பூசணிக்கும் பாகலுக்கும் இதை விடியற்காலையில் செய்ய வேண்டும். பீர்க்கும் சுரையும் சாயங்காலம் பூப்பவை. விளக்கு வைக்கும் நேரத்தில் வேலை.

உலர்த்துவதில் அவசரம் வேண்டாம். பறங்கி விதையை வளைத்தால் மடங்காமல் 'படக்'கென்று ஒடிய வேண்டும், அதுவே பதம். பிறகு சாம்பலில் புரட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, காய்ந்த வேப்பிலை இரண்டைச் சேர்த்து, பெயரும் தேதியும் எழுதி ஈரம் படாத இருட்டு மூலையில் வையுங்கள். பீர்க்கு, புடலை விதைகளைச் சாணத்தில் பொதிந்து வறட்டிபோலச் சுவரில் அப்பிவைத்ததும், நெற்றுகளை அடுப்புப் புகை படும்படி தொங்கவிட்டதும் பூச்சி அண்டாமல் இருக்கத்தான். சாணம் பூசிய சுவரும் விறகடுப்பும் போய்விட்டன. பாட்டில் இல்லாத வீடு இல்லை, சாம்பலை எங்காவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வெங்காய விதை ஒரு வருஷத்தில் வீணாகும். மிளகாயும் வெண்டையும் இரண்டு வருஷம் தாங்கும். கத்தரி, தக்காளி, கொடிவகை நாலு வருஷம்வரை இருக்கும். விதைக்கும் முன் பத்து விதையை ஈரத் துணியில் சுருட்டி ஒரு வாரம் பாருங்கள். ஏழு முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். ஐந்துக்குக் கீழே போனால் வேறு விதை தேட வேண்டும். தென் மாவட்டத்து அம்மன் கோயில்களில் ஆடியில் முளைப்பாரி போடுவதே அந்த வருஷ விதையின் வீரியத்தைப் பார்க்கத்தான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தெருவுக்கு ஒரு விதைப்பெட்டி

ஒரு பத்தடி முற்றத்தில் பத்து வகைக்கும் விதை எடுப்பது நடக்காது. இடம் போதாது. ஒரே ஒரு செடியிலிருந்து வருஷா வருஷம் விதை எடுத்தால், குறிப்பாகக் கொடிவகையில், வீரியமும் குறைந்துகொண்டே போகும். இதற்குத் தனி வீட்டில் தீர்வு இல்லை, தெருவில்தான் இருக்கிறது. ஒரு வீடு கத்தரிக்கு விதை விடட்டும், எதிர்வீடு அவரைக்கு, மூலை வீடு பீர்க்குக்கு. பட்டம் முடிந்ததும் பரிமாறிக்கொண்டால் பத்து வீட்டில் பத்து ரகம் பிழைக்கும், யாருக்கும் பத்து பைசா செலவு இல்லை. ஒரு வீட்டில் விதை கெட்டுப் போனாலும் இன்னொரு வீட்டில் இருக்கும்.

தொடங்க நாட்டு விதை எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: பல மாவட்டங்களில் விதைத் திருவிழாக்கள் நடக்கின்றன. அதைவிடப் பக்கத்தில் இருப்பது உங்கள் சொந்த ஊர். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அத்தை வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ வேலியில் படர்ந்திருக்கும் அவரை எது என்று கேட்டு, ஒரு பிடி நெற்றை முந்தானையிலோ கைக்குட்டையிலோ முடிந்து வாருங்கள். அவர்களும் இல்லாமல் போனபிறகு எந்தக் கடையிலும் அது கிடைக்கப்போவதில்லை.

இந்த ஆடியில் தோட்டம் போடும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். எத்தனை செடி வேண்டுமானாலும் வையுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் பறித்துச் சமையுங்கள். ஏதாவது ஒரு காயை மட்டும் விதைக்கு விடுங்கள். அடுத்த தைப்பட்டத்துக்கு அந்த விதையில் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.